ஐதர் காலத்து லேத்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



நம்ம ஒர்க் ஷாப்பில் கடைசி வரிசையில், ஜன்னலோரமாய் ஒரு லேத் நிற்கிறதே, அதை நாம் எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? ஐதர் காலத்து லேத்! டர்னிங் முடித்து வெர்னியர் வைத்து அளந்தால் ஒரு முனை தடிப்பாக இருக்கும், ஒரு முனை மெலிந்திருக்கும். போன செமஸ்டரில் என் தலையில் அதுதான் விழுந்தது. ஐதர் காலத்து மெஷினைக் கட்டிட்டாங்களே என்று நான் முணுமுணுத்தது, பின்னால் நின்ற சார் காதில் விழுந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவரோ, யாருப்பா அந்த ஐதர், அவரு காலம் எது, தெரிஞ்சுகிட்டு வந்து சொல்லு என்று கேட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

எங்கள் பேட்ச்சில் யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தன் மட்டும், திப்பு சுல்தானோட அப்பாடா மச்சி என்றான். அதோடு சரி. தினம் நாலு தடவை ஒரு மனுஷன் பேரைச் சொல்கிறோம், அவர் யார் என்று தெரியாமலே சொல்கிறோம் என்பது எனக்கு உறுத்தியது. தேட ஆரம்பித்தேன். மைசூரில் போய் நிற்கும் என்று நினைத்த கதை, வால்டாக்ஸ் ரோடு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எங்க வீட்டுக்குப் பின்னால் ஓடும் கொசஸ்தலையாறு என்று நம்ம ஏரியாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

ஐதர் அலி பிறந்தது இன்றைய கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பூதிக்கோட்டை என்ற சிற்றூரில். 1720-ஐ ஒட்டிய வருஷம். அப்பா பத்தே முகமது ஒரு படைத் தலைவர். ஐதர் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் போரில் செத்துப் போனார். அப்பா பட்ட கடனுக்காக, எஜமானன் வீட்டுப் பிள்ளையான அப்பாஸ் குலிகான் என்பவர் குடும்பத்தைப் பிடித்து வைத்து, ஐதரையும் அண்ணன் ஷாபாஸையும் ஒரு பெரிய முரசுக்குள்ளே அடைத்துப் போட்டு, வெளியே அடித்துத் துன்புறுத்தினார் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. பிற்காலத்தில் ஐதர் பெரிய ஆளானதும் அந்த அப்பாஸ் குலிகான் சென்னைக்கு ஓடி வந்து ஒளிந்துகொண்டாராம். ஐதர் படை சென்னைப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டவுடன், கரையில் இருக்கவே பயந்து, ஓட்டைப் படகு ஒன்றில் ஏறிக் கடலிலேயே கிடந்தாராம். படை மலையேறிப் போகும் வரை இறங்கவே இல்லையாம்! எவ்வளவு உண்மையோ, படித்துவிட்டு நான் சிரித்தேன்.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அதையும் தலைகீழாகப் போடுவார் என்பார்கள். ஆனால் தமிழ் உட்பட ஐந்து மொழிகள் சரளமாகப் பேசுவார். கணக்கெல்லாம் மனசிலேயே நிற்கும். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிச்சலால் மைசூர்ப் படையில் மேலே வந்தார். 1755-இல் திண்டுக்கல்லுக்குப் படை அதிகாரியாக அனுப்பப்பட்டார்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இந்தத் திண்டுக்கல்தான் நண்பர்களே. பாளையக்காரர்களை அடக்க அனுப்பியவர், அங்கே ஒரு ஆயுதச் சாலையே வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை தெரிந்த ஆட்களைக் கொண்டுவந்து பீரங்கி, துப்பாக்கிக்கு வேலை நடந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், ஒரு ஒர்க் ஷாப்பின் அருமையைத் தெரிந்து வைத்திருந்தார்! அந்தக் காலத்து ராஜாக்கள் பலருக்குக் குதிரையும் யானையும்தான் படை. இவருக்கு உலையும் பட்டறையும் சேர்ந்ததுதான் படை.

1761-இல் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. உடையார் பெயருக்கு ராஜா. இடையில், அவர் நம்பி வளர்த்த கண்டேராவ் துரோகம் செய்தார். பிடிபட்டபோது அரண்மனைப் பெண்கள் உயிர்ப்பிச்சை கேட்டார்களாம். கிளியைப் போல வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஐதர், அதே மாதிரி இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டு வைத்திருந்தார். வாக்குத் தவறவில்லை, ஆனால்... மனுஷன் எப்படிப்பட்டவர் என்பது இதிலேயே தெரிகிறது.

இனிமேல்தான் நம்ம ஊர் வருகிறது. 1767-இல் கம்பெனிக்கும் ஐதருக்கும் முதல் போர் மூண்டது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டை. அந்த வருஷமே, பதினேழு வயதுகூட நிரம்பாத திப்பு ஒரு குதிரைப் படையோடு சென்னையின் ஓரம் வரை வந்து வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைக் கலக்கிவிட்டுப் போனார். 1769 மார்ச் கடைசியில் ஐதரே வந்தார். கம்பெனிப் படையைத் தெற்கே இழுத்துப் போய் ஏமாற்றிவிட்டு, ஆறாயிரம் குதிரை வீரர்களோடு 130 மைல் தூரத்தை மூன்றரை நாளில் கடந்து, பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒப்பந்தம். பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவுவது.

ஐதர் திரும்பிப் போய்விட்டார், பயம் போகவில்லை. கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த, பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆன பகுதிக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுந்தது. பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஆள் அதற்குக் காண்டிராக்ட் எடுத்தார். கட்டிய செலவை உள்ளே குடியிருக்கிற ஜனங்களிடம் வரியாக வசூல் பண்ணத் திட்டம். மதில் வரி! அதுதான் வால்டாக்ஸ். சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு என்று இன்றும் சொல்கிறோமே (வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும் யார் கேட்கிறார்கள்!), அந்தப் பெயருக்குக் காரணம் நம்ம லேத்துக்காரர்தான். மதிலில் பெரும்பகுதி இடித்தாகிவிட்டது. ராயபுரம் பக்கம் ஒரு துண்டு மிச்சம். அதன் மேலேதான் மாடிப் பூங்கா. சின்ன வயசில் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு படியேறியிருக்கிறேன். பூங்காவை எதுக்கு மாடியில் கட்டினாங்க என்று அப்போதே கேட்டேன். ஆயாவுக்குத் தெரியவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? மதில் கறுப்பர் நகரத்தோடு முடிந்துவிட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் வெளியே! எதிரி வந்தால் நம்ம பக்கத்து ஜனங்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒப்பந்தம் போட்ட கம்பெனி, 1770-71-இல் மராட்டியர் ஐதரைத் தாக்கியபோது உதவிக்கு வரவில்லை. ஐதர் அதை மறக்கவே இல்லை. 1779-இல் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயையும் கம்பெனி பிடித்தது. ஐதருக்கு வெடிமருந்தும் தளவாடமும் வந்த துறைமுகம் அது. 1780 ஜூலையில், எண்பதாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடப்படும் படையோடு கணவாய் வழியாக இறங்கினார்.

இங்கே நில அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே வந்தால் பொன்னேரி, மீஞ்சூர். மேற்கே கும்மிடிப்பூண்டி, பேரம்பாக்கம், திருப்பாசூர். அதற்கப்பால் காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம், செங்கல்பட்டு, மதுராந்தகம். எங்கே பார்த்தாலும் ஏரி. அந்த ஏரிகளை நம்பிச் சின்னச் சின்ன ஊர்கள். 1763-இலேயே நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராகப் போய், நிலம், ஏரி, வீடு, சாதி, மானியம் என்று சுமார் இரண்டாயிரம் கிராமங்களுக்குக் கணக்கெடுத்தார். சிவில் நண்பர்கள் நினைத்துப் பாருங்கள், டோட்டல் ஸ்டேஷன் இல்லாத காலத்தில்! அவர் எடுத்த அந்த ஊர்கள்தான் அடுத்த சில வருஷங்களில் எரிந்தன.

ஐதர் நெருங்குகிறார் என்றதும் குண்டூரில் இருந்த கர்னல் பெய்லிக்கு உத்தரவு போனது, சென்னைப் படையோடு வந்து சேர் என்று. சென்னைப் படைக்குத் தலைவர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சார் போரில் ஜெயித்த பெரிய புள்ளி. பெய்லி சுமார் 2,800 பேரோடு கும்மிடிப்பூண்டி வழியாக வந்து, ஆகஸ்டு 25-ஆம் தேதி ஒரு ஆற்றங்கரையில் முகாம் போட்டார். ஆற்றில் தண்ணீர் குறைவு. அன்றைக்கே தாண்டியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே தங்கிவிட்டார். ராத்திரி மேற்கே கொட்டிய மழையில் ஆறு கரைபுரண்டது. ஒரு வாரத்துக்கு மேல் தாண்ட முடியவில்லை!

எந்த ஆறு தெரியுமா? நம்ம கொசஸ்தலையாறு! காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் வழியும் நீரும் இதில்தான் சேரும். பூண்டியைக் கடந்து, வல்லூர் வழியாக வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடும் அதே ஆறு. புத்தகத்தில் இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஆற்றின் குணம் எங்க தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது, மேலே எங்கேயோ பெய்திருக்கும், விடிந்து பார்த்தால் தண்ணீர் வாசலில் நிற்கும். பெய்லி எங்க ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தாண்டியிருப்பார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆற்றைத் தாண்டினார். 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். பெய்லி தடுத்து நின்றார், ஆனால் முன்னேற முடியவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ, உணவுப் பொருளை விட்டு வர மனமில்லாமல், ஆயிரம் பேரைத் துணைக்கு அனுப்பினார். இப்போது பெய்லியிடம் சுமார் 3,800 பேர். 9-ஆம் தேதி இரவு கிளம்பி, பாதி வழியில் விடியட்டும் என்று மறுபடியும் நின்றார். ஆற்றங்கரையில் செய்த அதே தப்பு! 10-ஆம் தேதி காலை, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில், ஐதரின் முழுப் படையும் சூழ்ந்துகொண்டது. பீரங்கிக் குண்டு பட்டு பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பிறகு நடந்ததற்குப் போர் என்று பெயர் சொல்ல முடியாது. பெய்லி பிடிபட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் இறந்தார். சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். புள்ளலூர் சண்டைக்குப் புதிய ஊர் அல்ல. மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை முறியடித்ததாகச் செப்பேடு சொல்வதும் இதே ஊரைத்தான்.

அன்று ஐதர் பக்கம் பறந்தவை ராக்கெட்டுகள். மெக்கானிக்கல் நண்பர்கள் இங்கே காதைக் கொடுங்கள். ராக்கெட் வாணம் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் மூங்கில் அல்லது காகிதக் குழாயில். மைசூரில் அடித்து வளைத்த தேனிரும்புக் குழாய். இரும்பு என்பதால் உள்ளே அதிக அழுத்தம் தாங்கும். அழுத்தம் கூடினால் உந்துவிசை கூடும், தூரம் கூடும். தெர்மலில் நாம் படிக்கிறதுதான்! ஓர் ஆண்முழம்கூட இல்லாத குழாயை நீள மூங்கிலில் கட்டிவிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய் விழும். பின்னாளில் வெள்ளைக்காரன் இதை எடுத்துப் போய் ஆராய்ந்துதான் காங்கிரீவ் ராக்கெட் வந்தது. 2018-இல் கர்நாடகத்தின் நகரா என்ற ஊரில் பாழுங்கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரம் அளவில் இந்த ராக்கெட்டுகள் கிடைத்தன. அமெரிக்காவில் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்தில் இந்த மைசூர் ராக்கெட் போரை ஓவியமாக மாட்டியிருந்ததை அப்துல் கலாம் பார்த்து வியந்தார் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி.

இதுவரை படித்தபோது எனக்கு ஐதர் பெரிய ஹீரோ. சாரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குப் பிறகு படித்ததுதான் தொண்டையில் நிற்கிறது.

கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு மாடும் கிடைக்கக் கூடாது என்று, சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் வளையம் போட்டு ஊர்களை எரிக்கச் சொன்னார் ஐதர். பார்னார்ட் கணக்கெடுத்த கிராமங்கள், ஏரிக்கரை ஊர்கள், எல்லாம் சாம்பல். ஆளும் மாடும் பிடித்துப் போகப்பட்டன. தப்பியவர்கள் சென்னையை நோக்கி ஓடி வந்தார்கள். இதைத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐதர் கலாபம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். பழைய சாமானைப் பார்த்தால் ஐதர் காலத்தது என்கிறோமே, அது வெறும் கேலிப் பேச்சாக ஆரம்பித்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஊருக்கே அதற்கு முன், அதற்குப் பின் என்று காலம் பிரிந்துபோயிருந்தால், அந்தப் பெயர் வாயில் நிற்காமல் என்ன செய்யும்?

கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த அயர் கூட், 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார். ஆகஸ்டில் பழவேற்காட்டுக்கு வந்து, வங்காளத்திலிருந்து தரைவழியாக நடந்தே வந்த கர்னல் பியர்ஸின் படையைச் சேர்த்துக்கொண்டார். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய பழவேற்காட்டுக் கோட்டையும் அந்த ஆண்டில் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. திருப்பாசூரைப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்டு 27-இல் மறுபடியும் புள்ளலூரிலேயே சண்டை. போன வருஷம் ஜெயித்த ராசியான இடம் என்று ஐதர் அங்கே காத்திருந்தாராம். இந்தத் தடவை ராசி வேலை செய்யவில்லை. இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. அதில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கு அந்த ஊர் வயல்வெளியில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. எரிந்த ஊர்களின் ஜனங்களுக்கு ஒரு கல்லும் நட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஓடி வந்த ஜனங்கள் சென்னைத் தெருக்களில் பசியால் செத்தார்கள். 1782 அக்டோபரில் அடித்த புயலில், அரிசி ஏற்றி வந்த கப்பல்கள் நம்ம கரையோரமே உடைந்தன. துறைமுகம் கட்டாத காலம், கப்பல்கள் திறந்த கடலில்தான் நிற்கும். அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மதில் பக்கத்தில் இருந்த மணியக்காரர் சத்திரம். 1799-இல் டாக்டர் அண்டர்வுட் அங்கே வைத்தியமும் ஆரம்பித்தார். அது வளர்ந்து வளர்ந்து, 1930-களில் ஸ்டான்லி என்ற பெயரைப் பெற்றது. நம்ம ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? நான் பிறந்தது அங்கேதான். எங்க அம்மா பிறந்ததும் அங்கேதான். ஒருவேளை உங்களில் பாதிப் பேரும்!

ஐதர் அந்தப் போரின் முடிவைப் பார்க்கவில்லை. முதுகில் ராஜபிளவை கண்டு, 1782 டிசம்பர் 7-இல் சித்தூர் பக்கம் நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்தார். திப்பு அப்போது மலையாளக் கரையில். அவர் வந்து சேரும் வரை விஷயத்தை வெளியே விடாமல், உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போவது போல் கோலாருக்கு அனுப்பினார்கள். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்தார்கள். படை தன் பாட்டுக்கு முகாமில் இருந்தது.

எரிந்த ஊர்கள் எழுந்திருக்கப் பல வருஷம் ஆயிற்று. கரை உடைந்த ஏரிகள் அப்படியே கிடந்தன. 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பல ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் என்று கோயில் இருக்கிறதே, அந்தக் கதையில் வருகிற கலெக்டர் இவர்தான். நல்லது செய்தார், ஆனால் வரியையும் கறாராக வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்துச் சாரிடம் போய் இவ்வளவையும் சொன்னேன். ராக்கெட்டையும் சொன்னேன், எரிந்த ஊர்களையும் சொன்னேன். அப்போ அவரு நல்லவரா கெட்டவரா என்று கேட்டார். கம்பெனியை நடுங்க வைத்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு நான் கொசஸ்தலையாற்றங்கரையில் ஒரு ஏரிப் பாசனக் குடியானவனாக இருந்திருந்தால், எனக்கு வெள்ளைக்காரனும் ஒன்றுதான், ஐதரும் ஒன்றுதான், இரண்டு பேருமே என் நெல்லுக்கு வந்தவர்கள்தான் என்றேன். சார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பழைய துணியை எடுத்து, அந்த லேத்தின் பக்கவாட்டில் படிந்திருந்த கிரீஸைத் துடைத்தார். உள்ளே ஒரு பித்தளைத் தகடு. 1964 என்று போட்டிருந்தது.

ஐதர் செத்து 182 வருஷம் கழித்துச் செய்தது! டெயில் ஸ்டாக் ஒரு பக்கம் நகர்ந்திருக்கு, அதான் டேப்பர் விழுது, முதல்ல அலைன்மென்ட் பாரு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தள்ளித்தான் இருந்தது.